சீட்டின் பின்னால் எழுதிய பெயர்

தெப்ராவ்
4 ஆகஸ்டு 2024

அக்காவுக்கு,

ஆறு வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். போதும்.

நலம் கேட்காமல் கடிதம் தொடங்கக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். ஆகவே கேட்கிறேன். நலமா? முட்டி வலி குறைந்ததா? என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சர்க்கரை இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டு போகின்றன.

போன வாரம் மச்சான் அர்ச்சுனனுக்கு இரண்டாம் வருடத் திதி கொடுத்தீர்களாம். கோத்தா திங்கி பேருந்து நிலையத்தில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கும் மணியம் சொன்னான். ஐம்பது பேருக்குச் சாப்பாடு. முன்வரிசையில் பெரியப்பா மகன் வசந்தன். உடன்பிறந்த தம்பி எனக்கு ஒரு வார்த்தை இல்லை. மச்சானை நான் மதித்தவன். அவர் படத்துக்கு முன்னால் நின்று கும்பிடும் உரிமைகூட எனக்கு இல்லாமல் போனது எப்படி?

எப்படி என்று எனக்குத் தெரியும். ரூபினியின் கல்யாணத்தன்று தொடங்கியது இது. தாய்மாமன் நான் உயிரோடு இருக்கும்போது வசந்தன் மாமன் மாலை போட்டான். அவனிடம் பெரிய கார் இருந்தது. என்னிடம் பட்டம் இருந்தது. சிங்கப்பூர் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, எல்லைப் பாலத்தில் இரண்டு மணி நேரம் மோட்டார் சைக்கிளில் வெந்து, மழையில் நனைந்த சட்டையோடு நான் மண்டபத்துக்குள் வந்தபோது மாலை அவன் கையால் விழுந்து முடிந்திருந்தது. சாப்பிடாமல் திரும்பினேன். உங்கள் எண்ணைக் கைப்பேசியில் அன்றே அடைத்தேன். இன்னும் திறக்கவில்லை, திறக்கும் எண்ணமும் இல்லை. அதனால்தான் தபால்.

பதில் எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம்.

உங்கள் தம்பி,
குணாளன்


கோத்தா திங்கி
25 ஆகஸ்டு 2024

அன்புத் தம்பி குணாவுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். சர்க்கரைக்கு மாத்திரையை மட்டும் நம்பாதே, காலையில் நட. முட்டி அப்படியேதான் இருக்கிறது.

உன் கையெழுத்தைப் பார்த்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படியே இருக்கிறது. நீ எழுதியதற்கெல்லாம் பதில் எழுத எனக்குத் தெரியாது. நீ படித்தவன். நான் தோட்டத்து ஆபீசில் சம்பளச் சீட்டு எழுதியவள்.

ரூபினி அயர்லாந்தில் நர்ஸ் வேலையில் நன்றாக இருக்கிறாள். பேத்திக்கு இரண்டு வயது முடிகிறது. இங்கே ஆற்றுப் பக்கத்து வீடுகளில் பாதிப் பேர் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். போன வெள்ளத்தின் கறை சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. நானும் மேட்டுப் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறேன். உன் மச்சானுடைய இபிஎஃப் சேமநிதிப் பணம் வங்கியில் அதற்காகத்தான் இருக்கிறது.

ஒன்று கேட்க நினைத்தேன். நீ சிங்கப்பூரில் இருந்தபோது வருடக் கடைசியில் லாட்டரிச் சீட்டு வாங்குவாயே, ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவால் ஒவ்வொருவர் பெயரை எழுதி? "இது அக்கா சீட்டு, அடிச்சா அக்காவுக்கு" என்பாய். அந்தப் பழக்கம் இப்போதும் உண்டா? என் பெயருக்கு இன்னும் வாங்குகிறாயா? சும்மாதான் கேட்டேன்.

முருகன் துணை.
அக்கா செல்லம்


தெப்ராவ்
29 ஆகஸ்டு 2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம் என்று அறிந்தேன். நடக்கிறேன், கவலை வேண்டாம்.

நான் மூன்று பக்கம் எழுதினேன். அதில் ஒரு வரிக்கும் பதில் இல்லை. சீட்டைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். இருக்கட்டும்.

ஆமாம். இன்றும் வாங்குகிறேன். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு வருடம்கூட விட்டதில்லை. நோய்த்தொற்றுக் காலத்தில் பாலத்தை மூடி என் வேலை போன பிறகும், அங்கே இருக்கும் பழைய நண்பரிடம் பணம் கொடுத்து வாங்கச் சொல்கிறேன். பின்னால் "செல்லம் அக்கா" என்று எழுதச் சொல்கிறேன். நீங்கள் என் பெயரைப் பந்தியிலிருந்து எடுத்துவிட்டீர்கள். நான் உங்கள் பெயரைச் சீட்டிலிருந்து எடுக்கவில்லை. மனிதர்களுக்குள் உள்ள வித்தியாசம் அதுதான்.

குணாளன்


கோத்தா திங்கி
6 அக்டோபர் 2024

என் உயிர்த் தம்பி குணாவுக்கு,

அக்கா எழுதுவது. நலம், நலமறிய ஆவல். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே சில வேலைகள்.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. படித்துப் படித்து அழுதேன். நீ இப்படிப்பட்டவன் என்று தெரியாமல் ஆறு வருடத்தை வீணாக்கிவிட்டேன்.

கல்யாணத்தைப் பற்றி எழுதுகிறேன். அன்று முகூர்த்தம் ஏழே முக்காலோடு முடிகிறது. நீ பாலத்தில் மாட்டிக்கொண்டாய். உன் மச்சான் மேடையிலிருந்து, "மச்சான் வரட்டும், அஞ்சு நிமிஷம் பொறுங்க" என்று மூன்று முறை சொன்னார். ஐயர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். வசந்தன் பக்கத்தில் நின்றான், மாலை அவன் கைக்குப் போனது, அவ்வளவுதான். இதை அன்றே உன்னிடம் ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். நீ போன வேகத்தைப் பார்த்து எனக்கும் கோபம் வந்துவிட்டது.

ஜனவரியில் ரூபினி வருகிறாள். பேத்திக்குக் காதுகுத்து. ரூபினியின் தாய்மாமனாக நீதான் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். வசந்தன் பந்தியில் சாம்பார் ஊற்றட்டும்.

நீ படித்தவன், இரண்டு விஷயம் சொல். ஒருவர் பணம் போட்டு இன்னொருவர் பெயரில் ஒன்றை வாங்கினால், அது யாருக்குச் சொந்தம்? வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் முன்கூட்டியே வரி கட்ட வேண்டுமா? நம் கோயில் கமிட்டியில் பேச்சு வந்தது, அதற்காகக் கேட்கிறேன்.

முருகன் நமக்கு ஒரு வழி காட்டிவிட்டான்.

அக்கா


தெப்ராவ்
12 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சர்க்கரை சற்று இறங்கியிருக்கிறது. உங்கள் முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

முகூர்த்த நேரத்தைப் பற்றி ஆறு வருடம் கழித்து எழுதியிருக்கிறீர்கள். தாமதமானாலும் எழுதினீர்கள். மூன்று முறை பொறுக்கச் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. காதுகுத்துக்கு வருகிறேன். அழைத்ததற்காக வருகிறேன், அழைக்காவிட்டாலும் அது என் இடம்தான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் கேள்விகளுக்கு: யார் பெயரில் வாங்கியதோ அது அவருடையது. கொடுத்தவன் பிறகு கை நீட்டுவது கேவலம். நான் அந்த ரகம் இல்லை. வரியைப் பொறுத்தவரை, எந்தப் பணமும் வரி கட்டாமல் எல்லை தாண்டி உள்ளே வராது. அரசாங்கம் தன் பங்கை முதலில் வாங்கிக்கொண்டுதான் மற்றவர்களுக்கு வழி விடும். இருபது வருடம் பாலம் தாண்டியவன் சொல்கிறேன், உங்கள் கமிட்டிக்காரர்களிடம் சொல்லுங்கள்.

குணாளன்


கோத்தா திங்கி
10 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நலம். மழை தொடங்கிவிட்டது. ஆறு இன்னும் கரைக்குள்தான் இருக்கிறது. அரிசி, துணி, கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் மேசைமேல் ஏற்றிவிட்டேன்.

நீ சொன்னது எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது. என்னவென்று இப்போது கேட்காதே. டிசம்பருக்குப் பிறகு நானே சொல்வேன். மேட்டு வீட்டுக்காரரிடம் முன்பணத்துக்குக் கொஞ்சம் தவணை கேட்டிருக்கிறேன். அதைவிடப் பெரிய வீடாகவே பார்க்கலாம் என்று ஒரு யோசனை. உனக்கும் ஒரு அறை இருக்கும்.

என் வளையல் நான்கும் இப்போது கையில் இல்லை. ரூபினி உனக்குப் போன் செய்து கேட்டால் தெரியாது என்று சொல். அவளுக்கு உன் எண் தெரியாது, இருந்தாலும் சொல்கிறேன்.

நல்லதே நடக்கும்.

அக்கா


தெப்ராவ்
15 நவம்பர் 2024

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

நேற்று மணியம் போன் செய்தான். எடுத்தவுடனே சிரிப்பு.

"குணா, ஒங்க அக்கா கோடீஸ்வரி ஆயிட்டாங்க லா!"

"என்னடா ஒளர்றே?"

"கடைக்கு வந்தாங்க. போன்ல ஒரு படம் காட்டி, கலர்ல எடுத்து லேமினேட் பண்ணிக் குடுன்னாங்க. பெரிய கழுகு, தங்க சீலு, அவங்க பேரு. 'என்னக்கா, டத்தோ பட்டமா?'ன்னேன். சிரிச்சிட்டு, 'யார்கிட்டயும் சொல்லாதே மணியம்'னாங்க. அலமாக், அப்பறம்தான் எழுத்தப் படிச்சேன். எட்டு லட்சம் டாலராம்! கீழ கையெழுத்துப் போட்டவன் ஊரு பேரையே தப்பா எழுதியிருக்கான்யா. ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நீங்கள் கோயில் கமிட்டி என்று எழுதினீர்கள்.

அக்கா, அது மோசடி. நூற்றுக்கு நூறு மோசடி. பரிசு கொடுக்கிறவன் பரிசு வாங்குகிறவனிடம் பணம் கேட்பானா? பெரிய நிறுவனம், யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்துகொள்ளும் மின்னஞ்சலிலிருந்தா எழுதும்? பணத்தை நிறுவனத்தின் கணக்கில் போடச் சொன்னார்களா, யாரோ ஒரு தனி ஆளின் கணக்கிலா? ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆளா? "இன்றைக்குள் கட்டு, இல்லாவிட்டால் போய்விடும்" என்றார்களா? "யாரிடமும் சொல்லாதே" என்றார்களா? இதில் ஒன்று இருந்தாலே ஓட வேண்டும். உங்களிடம் எல்லாமே இருக்கும் என்று நினைக்கிறேன்.

வளையலை அடகுக்கடையில்தானே வைத்தீர்கள்? இன்னும் எவ்வளவு கேட்கிறார்கள்? மச்சானின் இபிஎஃப் பணத்தைத் தொட்டுவிட்டீர்களா? ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரிவதுகூட உங்களுக்குத் தெரியவில்லையே! பேராசை கண்ணை மறைத்துவிட்டது.

உடனே பதில் எழுதுங்கள். உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். பதினோரு முறை அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை.

குணாளன்


கோத்தா திங்கி
20 நவம்பர் 2024

குணாவுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

பேராசை என்று எழுதியிருக்கிறாய். சரி. இப்போது நான் சொல்கிறேன், கேள்.

அந்த மின்னஞ்சல் ஜூலை கடைசியில் வந்தது. வருடக் கடைசிக் குலுக்கலில் பரிசு என்று என் பெயர் போட்டிருந்தது. முதலில் நம்பவில்லை. நான் முட்டாள் இல்லை. டிவியில் சொல்கிறார்கள், வங்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்: சீட்டு வாங்காதவருக்குப் பரிசு விழாது. நான் சீட்டு வாங்கவில்லை. அழித்துவிடலாம் என்று இருந்தேன். அந்த வாரம்தான் ஆறு வருடம் கழித்து உன் கடிதம் வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் வாங்கவில்லை, ஆனால் எனக்காக வாங்குகிறவன் ஒருவன் இருந்தானே என்று நினைவு வந்தது. உன்னிடமே கேட்டேன். ஆமாம், வாங்குகிறேன் என்று எழுதினாய். வரி கட்டத்தான் வேண்டும் என்று எழுதினாய். உன் கையெழுத்தில்தானே இருக்கிறது?

ரிச்சர்ட் என்கிற அதிகாரி போனில் பொறுமையாகப் பேசுகிறார். தினமும் "மேடம் சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறார். என் வீட்டில் என்னிடம் அதைக் கேட்க ஆளில்லை. அவர் முன்னாலேயே சொன்னார்: "மேடம், விஷயம் வெளிய தெரிஞ்சா மொதல்ல உங்க சொந்தக்காரங்கதான் ஃப்ராடுன்னு சொல்வாங்க." அப்படியே நடக்கிறது.

உன்னிடம் ஏன் மறைத்தேன் தெரியுமா? பாதி உனக்கு. காதுகுத்தன்று வசந்தன், சொந்தபந்தம் எல்லோருக்கும் முன்னால், தாய்மாமனுக்குச் சீர் என்று தட்டில் வைத்து உன் கையில் கொடுக்க நினைத்தேன். அன்று நீ தலைகுனிந்து போனாயே, அதற்குப் பதிலாக.

இன்னும் ஒரே ஒரு வரிதான் பாக்கி. வங்கியில் இருக்கும் பணம் டிசம்பர் பதினாறில் முதிர்கிறது. எடுத்துக் கட்டிவிடுவேன்.

அக்கா


தெப்ராவ்
23 நவம்பர் 2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இன்று காலைதான் வாங்கினேன். மூன்று முறை படித்தேன். இதை எழுதுவது கடினமாக இருக்கிறது.

நான் சீட்டு வாங்கவில்லை.

2018 டிசம்பரில் கவுண்டர் முன்னால் வரிசையில் நின்றேன். எப்போதும் போல ஐந்து கேட்க வேண்டியவன் நான்கு கேட்டேன். உங்கள் பெயர் எழுத வேண்டிய சீட்டை வாங்கவில்லை. அது எனக்குப் பெரிய திருப்தியாக இருந்தது. அதற்கு அடுத்த வருடம் யாருக்கும் வாங்கவில்லை. வேலை போன பிறகு சிங்கப்பூர்ப் பக்கமே போனதில்லை. நண்பர் என்று எழுதினேனே, அப்படி ஒருவர் கிடையாது.

நீங்கள் சும்மா கேட்டதாக எழுதினீர்கள். உங்களைவிட நான் உயர்ந்தவன் என்று காட்ட எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. பயன்படுத்திக்கொண்டேன். வரியைப் பற்றி எழுதியதும் அப்படித்தான். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினேன்.

முந்தாநாள் உங்கள் வங்கிக் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். கணக்குக்காரர் நேரில் வந்து சொன்னால்தான் எதையும் நிறுத்த முடியும் என்றாள். "பாவா காக்காக் சினி, பக்சிக்" என்றாள். அக்காவை இங்கே கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறாள். ஒரு கூப்பிடு தூரத்தில்தான் நீங்கள் இருந்தீர்கள். எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை, திரும்பிவிட்டேன்.

ரூபினியின் எண்ணைக் கேட்டு அலைகிறேன். யாரிடமும் இல்லை. வசந்தனிடம் மட்டும் இருக்கிறதாம். அவனிடமே கேட்டேன். "ஆறு வருஷமா எங்கடா இருந்தே?" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை நேரில் வருகிறேன்.

கடிதத்தில் நான் எழுதியது பொய். அந்தப் பரிசும் பொய். தயவுசெய்து பணத்தை எடுக்காதீர்கள்.

குணாளன்


கோத்தா திங்கி
1 டிசம்பர் 2024

குணாவுக்கு,

நேற்று நீ வந்து போனதைப் பற்றி எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தவனை உள்ளே கூப்பிடவில்லை என்று நாளைக்கு ஊரெல்லாம் சொல்வாய். நடந்தது நடந்தபடி இருக்கட்டும்.

நான் கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றேன். நீ மழையில் நின்றாய்.

"அக்கா, கதவத் தொறங்க. போனக் குடுங்க, நான் பாக்கணும்."

"மொதல்ல சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"சாப்பாடா இப்போ முக்கியம்? ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஒரு பையன் 'மேடம், மேடம்'னு கொஞ்சுனா வீட்டையே தூக்கிக் குடுத்திருவீங்களா?"

பக்கத்து வீட்டுச் சீனத்தி வெளியே வந்து பார்த்தாள். எதிர் வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அறுபத்தொரு வயதில் எனக்கு இது தேவையா?

நான் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"வாங்குனேன்னு எழுதுனது பொய்யா, வாங்கலன்னு எழுதுனது பொய்யா?"

"மொதல்ல எழுதுனது."

"அப்போ எதுக்குப் பொய் சொன்னே?"

நீ செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். எனக்குக் கிடைப்பதில் உனக்குப் பாதி வருகிறதே என்றுகூடப் பார்க்காமல், எனக்குக் கிடைக்கக்கூடாது என்று நீ நினைக்கிறாய். உன்னால் முடியும். கல்யாணப் பந்தியில் உனக்குப் போட்ட இலையை விட்டுவிட்டுப் பசியோடு போனவன்தானே நீ? உன் வயிறு காய்ந்தாலும் பரவாயில்லை, மற்றவர் வருந்த வேண்டும் உனக்கு.

இல்லை, நீ பொய் சொன்னது உண்மைதான் என்றால், அந்தப் பொய்யை நம்பித்தான் நான் வளையலை வைத்தேன். அதை என்னால் இப்போது நினைக்க முடியவில்லை. நினைத்தால் தூக்கம் வராது. ஆகவே நினைக்கப் போவதில்லை.

இனிமேல் உன் பெயர் போட்டு வருகிற கடிதத்தைப் பிரிக்க மாட்டேன். போனையும் எடுக்க மாட்டேன். ரிச்சர்ட் சொன்னபடி பதினாறாம் தேதி காலையில் வங்கிக்குப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நனைந்தது நனைந்தபடியே போயிருப்பாய்.

செல்லம்


(தட்டச்சு செய்த கடிதம். கோத்தா திங்கியில் தபாலில் சேர்த்தது. அனுப்புநர் முகவரி இல்லை.)

6 டிசம்பர் 2024

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழை வலுத்துவருகிறது. தாழ்வான வீடுகளில் இருப்பவர்கள் வங்கிப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் பிளாஸ்டிக் பையில் கட்டி மேலே வைப்பது நல்லது.

லாட்டரியில் பரிசு விழுந்திருப்பதாக மின்னஞ்சல் பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதுகிறவன் யார் என்பது உங்களுக்குத் தேவையில்லை. யாருடைய பேச்சையும் நம்பச் சொல்லி இதை எழுதவில்லை. நீங்களே உட்கார்ந்து யோசித்துப் பார்க்கக்கூடிய ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. குடும்பத்தில் ஒருவர் எல்லோருக்குமாகச் சீட்டு வாங்கி, பின்னால் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி வைப்பார். "சீட்டு வாங்காதவருக்குப் பரிசு விழாது" என்று வங்கிச் சுவரில் ஒட்டியிருப்பது அதனால்தான் நம் மனத்தில் ஏறுவதில்லை. நமக்காக யாரோ வாங்கியிருப்பார் என்று ஒரு நினைப்பு இருந்துகொண்டே இருக்கிறது.

சரி, வாங்கியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கினேன் என்றவர் உண்மை சொன்னாரா, பொய் சொன்னாரா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் ஒன்றுதான். கவுண்டரில் சீட்டு விற்கிறவர் வாங்குகிறவரின் பெயரைக் கேட்பதில்லை. பின்னால் பேனாவால் எழுதும் பெயர், வாங்கியவர் வீட்டுக்கு வந்த பிறகு எழுதியது. அந்தச் சீட்டு அவருடைய பர்சிலோ அலமாரியிலோ கிடக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். அப்படியென்றால் எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு உங்கள் பெயர் எப்படித் தெரிந்தது? உங்கள் மின்னஞ்சல் முகவரி எப்படிப் போனது? சீட்டு எங்கே என்று அவர் ஏன் இதுவரை ஒருமுறைகூடக் கேட்கவில்லை? பரிசு வாங்க வேண்டுமென்றால் முதலில் காட்ட வேண்டியது அதைத்தானே?

அடுத்த பணத்தைக் கட்டுவதற்கு முன் அவரிடம் ஒன்று எழுதிக் கேளுங்கள். "கட்டணத்தைப் பரிசிலிருந்தே கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள். வேண்டுமென்றால் இரண்டு மடங்கு கழித்துக்கொள்ளுங்கள்." உண்மையான பரிசாக இருந்தால் அதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். முதலில் சட்டம் இடம் கொடுக்காது என்பார். பிறகு அவசரப்படுத்துவார். அதற்கும் அசையாவிட்டால் குரல் மாறும். இத்தனை நாள் கேட்ட "சாப்பிட்டீங்களா" அன்றைக்கு வராது.

வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தால், வங்கிக் கவுண்டரில் உள்ளவரிடம் உங்களுக்கென்று சொல்ல வேண்டாம். சிநேகிதி ஒருத்திக்கு இப்படி வந்திருக்கிறது என்று சொல்லிக் கேளுங்கள். அவர்கள் தினமும் பார்க்கிறார்கள், சிரிக்க மாட்டார்கள். போன பணம் திரும்பி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மோசடிப் புகாருக்கென்றே உள்ள 997 என்ற எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. போலீசில் புகாரும் கொடுங்கள். அந்தப் படம், மின்னஞ்சல், பணம் கட்டிய ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள்.

ஏமாந்ததில் வெட்கப்பட உங்களுக்கு ஒன்றுமில்லை. உங்களைப் பேராசைக்காரர் என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் உங்களை அறியாதவர். கிடைப்பதில் பாதியை யாருக்குக் கொடுக்கலாம் என்று முதலிலேயே நினைக்கிறவருக்குப் பேராசை கிடையாது. உங்கள் ஆசையைப் பயன்படுத்தியவர்கள் வெட்கப்படட்டும். அது எங்கோ இருப்பவராக இருந்தாலும் சரி, பக்கத்தில் இருப்பவராக இருந்தாலும் சரி. அவர்களை மன்னிக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

கடைசி இரண்டு மூன்று வரிகளை எழுதியிருக்கக்கூடாதோ என்று தோன்றுகிறது. அழிக்காமல் விடுகிறேன்.

வழக்கமாக இந்த இடத்தில் பெயர் வர வேண்டும். அடித்துப் பார்த்தேன், அழித்துவிட்டேன். பெயர் இருந்தால் நீங்கள் பெயரைத்தான் படிப்பீர்கள். மேலே சொன்னதைப் படிக்க மாட்டீர்கள். எனக்கு நீங்கள் மேலே சொன்னதைப் படித்தால் போதும். பெயர் இல்லாமலேயே தபாலில் போடுகிறேன்.